குளிரை எதிர்நோக்கும் தால் ஏரித் தோட்டங்கள்

ஸ்ரீநகர்: தால் ஏரி என்றதும் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருபவை அலங்கரிக்கப்பட்ட ஷிகாராக்களும், கரையோரம் வரிசையாக நிற்கும் படகு வீடுகளும்தான். அந்த வரிசைக்குப் பின்னால், வில்லோ மரங்கள் மறைக்கும் குறுகிய வாய்க்கால்களுக்கு அப்பால், தண்ணீரின் மேல் காய்கறி பயிரிட்டு வாழும் ஓர் ஊரே இருக்கிறது. பயணிகளில் பலர் அதை அறியாமலேயே திரும்பிவிடுகின்றனர்.

ஏரிக்குள் சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் 50-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் சுமார் 50 ஆயிரம் பேர் வசிப்பதாக மதிப்பிடப்படுகிறது. இவர்களில் கணிசமானோருக்குத் தோட்டமே தொழில். குளிர்காலம் நெருங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இங்கு வேலை மிகுதி. டிசம்பர் 21-ஆம் தேதி "சில்லாய் கலான்' எனப்படும் 40 நாள் கடுங்குளிர் தொடங்கிவிடும். அதன் பின் 20 நாள் "சில்லாய் குர்த்', 10 நாள் "சில்லாய் பச்சா' என எழுபது நாட்களுக்குக் காஷ்மீர் ஒடுங்கிக் கிடக்கும். அதற்குள் விளைந்ததை எடுக்க வேண்டும், உலர்த்த வேண்டும், விற்க வேண்டும், கூரையைச் செப்பனிட வேண்டும்.

இவற்றில் முதல் மூன்றையும் ஏரிவாசிகள் யாரையும் கேளாமல் செய்துகொள்கின்றனர். நான்காவதற்கு அரசின் அனுமதி தேவைப்படுகிறது. ஏரியைக் காப்பாற்றுவதற்காக இவர்களை அங்கிருந்து வெளியேற்றும் திட்டம் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்து வருவதே அதற்குக் காரணம்.

மிதக்கும் நிலம்: தால் ஏரித் தோட்டங்களில் இரு வகை உண்டு. ஒன்று "டெம்ப்'. கரையை ஒட்டியோ ஆழமற்ற இடங்களிலோ நீர்ப்பாசியையும் சேற்றையும் மாற்றி மாற்றிக் கொட்டி உயர்த்தப்பட்ட நிலையான பாத்தி இது. ஓரங்களில் வில்லோ, பாப்லர் மரங்களை நட்டு மண் சரியாமல் பிடித்து வைக்கின்றனர். நான்கு புறமும் வாய்க்கால் ஓடுவதால் படகில் சென்றுதான் களை எடுக்க வேண்டும். அறுவடையும் படகில்தான் வீட்டுக்கு வரும்.

மற்றொன்று "ராத்'. இதுவே உண்மையான மிதக்கும் தோட்டம். ஏரியில் வளரும் சம்பங்கோரையை நீருக்கடியில் அறுத்து, நீண்ட பாய்போல் சேர்த்துப் பிணைக்கின்றனர். அதன் மேல் பாசியைக் குவித்து, ஏரியின் அடியிலிருந்து நீண்ட கழியால் அள்ளிய சேற்றை வைத்தால் தோட்டம் தயார். சேற்றுக் குவியலின் உச்சியில் சிறு பள்ளம் செய்து வெள்ளரி, தக்காளி, பூசணி நாற்றுகளை நடுவது வழக்கம். வேர் தானாகவே தண்ணீரைத் தேடிக்கொள்ளும். நீர் பாய்ச்ச வேண்டிய வேலை இல்லை. ஏரி உயர்ந்தால் தோட்டமும் உயரும். தாழ்ந்தால் தானும் தாழும். மூலைகளில் ஊன்றிய கழிகளே அதை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கின்றன.

கழியைப் பிடுங்கிவிட்டால் தோட்டத்தைப் படகில் கட்டி இழுத்துச் சென்றுவிடலாம். வாங்கியவர் தம் வீட்டருகே கொண்டு போவதும் இப்படித்தான். திருடர் கொண்டு போவதும் இப்படித்தான். நிலத்தைத் திருட முடியாது என்ற பொதுவிதி தால் ஏரிக்குப் பொருந்தாது. காஷ்மீரில் நிலவரித் திட்ட ஆணையராக இருந்த ஆங்கிலேய அதிகாரி வால்டர் லாரன்ஸ், 1895-இல் வெளியான தமது நூலில் இந்தத் தோட்டத் திருட்டைக் குறிப்பிட்டுள்ளார். ஒன்றுபோல் தோன்றும் நூற்றுக்கணக்கான பாத்திகளுக்கு இடையே தம்முடையதை அடையாளம் காண்பது எளிதன்று. எனவே அக்கம்பக்கத்தாரின் கண்காணிப்பே இங்கு வேலியாக இருக்கிறது. இரவில் அறிமுகமில்லாத துடுப்பொலி கேட்டால் விளக்கேற்றிப் பார்ப்பது அண்டை வீட்டாரின் கடமை.

லாரன்ஸ் படகு மக்களான ஹாஞ்சிகளின் பல பிரிவுகளையும் விவரித்துள்ளார். அவற்றில் காய்கறி பயிரிடுவோரின் பெயர் "டெம்ப் ஹாஞ்சி'. தோட்டத்தின் பெயரே குலத்தின் பெயராகிவிட்டது.

வாய்க்காலே வீதி: இந்தக் குடியிருப்புகளில் வாய்க்கால்தான் தெரு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், மணப்பெண்ணும், சவப்பெட்டியும் படகில்தான் செல்ல வேண்டும். மளிகைச் சாமான், ரொட்டி விற்போரும் படகிலேயே வாசலுக்கு வருகின்றனர். வீட்டுக்கு ஒரு படகாவது இல்லாமல் வாழ்க்கை நடக்காது. இரு வீட்டாருக்கு மனத்தாங்கல் என்றாலும், படகு கேட்டால் மறுப்பதில்லை என்பது ஏரியின் எழுதப்படாத சட்டம்.

இலையுதிர் காலத்தைக் காஷ்மீரிகள் "ஹருத்' என்கின்றனர். அடுத்து வருவது "வந்த்' எனும் முன்குளிர், பின்னர் பனி மூடும் "ஷிஷுர்'. ஹருத் தொடங்கும்போது ராத்களில் வெள்ளரியும் தக்காளியும் முடிந்துவிடும். டெம்ப்களில் டர்னிப் கிழங்கு, முள்ளங்கி, நூல்கோல், பசலைக்கீரை, "ஹாக்' எனும் கீரை ஆகியவை முற்றத் தொடங்கும். ஹாக் குளிரைத் தாங்கும் கீரை. சோறும் ஹாக்கும் இல்லாத காஷ்மீர் வீடு அரிது.

பெண்களின் கை ஓயாத பருவம் இது. காலையில் அவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு நீர்ப்பாசி அறுத்து வருவர். ஏரிக்குள் மாடு வளர்ப்போரும் பலர்; மேய்ச்சல் நிலம் இல்லாத இடத்தில் பாசியே தீவனம். பிற்பகலில் வில்லோ மரங்களின் கிளைகள் கழிக்கப்படுகின்றன. இலை கால்நடைக்கு, குச்சி அடுப்புக்கு. சினார் மரத்தின் செந்நிறச் சருகுகளைச் சிறிது சிறிதாக எரித்து நீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி மூட்டை கட்டுவதும் நெடுங்கால வழக்கம். "காங்கிரி' எனப்படும் தணல் சட்டிக்கு அந்தக் கரி வேண்டும். குச்சியால் பின்னிய கூடைக்குள் அமர்ந்த இந்த மண்சட்டியைத் தொளதொளப்பான "ஃபெரன்' அங்கிக்குள் வைத்துக்கொண்டுதான் காஷ்மீரிகள் குளிரைக் கடத்துகின்றனர்.

கூரையெல்லாம் வற்றல்: அக்டோபர் வெயில் காய்ச்சல் இல்லாத வெயில், ஆனால் ஈரம் இல்லாதது. வற்றல் போட அது போதும். சுரைக்காயை நீள நீளமாகச் சீவி கொடியில் தொங்கவிடுகின்றனர். கத்தரிக்காயை நான்காகக் கீறி, காம்பு அறுபடாமல் கயிற்றில் கோக்கின்றனர். தக்காளி இரண்டாக நறுக்கப்பட்டு தகரக் கூரையில் பரப்பப்படுகிறது. டர்னிப் வட்ட வில்லைகளாக நூலில் ஏறி மாலையாகிறது. "அல் ஹச்சி', "வாங்கன் ஹச்சி', "ருவாங்கன் ஹச்சி', "கோக்ஜி ஹச்சி' என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், பொதுப்பெயர் "ஹோக் சியுன்', அதாவது உலர்ந்த காய்கறி.

ஒரு வீட்டு வற்றலை அந்த வீட்டார் மட்டும் நறுக்கி முடிப்பதில்லை. இன்று இந்த வீட்டு முற்றம், நாளை அடுத்த வீட்டு முற்றம் என்று பெண்கள் கூடி அமர்கின்றனர். மழை மேகம் தெரிந்தால் யார் வீட்டுக் கூரை என்று பாராமல் அள்ளி உள்ளே வைக்கின்றனர். இரண்டு நாள் மழை பிடித்தால் ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவு பூஞ்சை பிடித்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

வற்றலாகாதவை வேறு வழியில் சேமிக்கப்படுகின்றன. டர்னிப், முள்ளங்கி போன்ற கிழங்குகளைக் குழி வெட்டிப் புதைத்து மண் மூடி வைக்கின்றனர். மேலே பனி உறைந்தாலும் உள்ளே கிழங்கு கெடுவதில்லை. நூல்கோல் ஊறுகாயாகிறது. சிறு மீன்களை உலர்த்துவதும், "ஃபரி' என்று புல் தீயில் புகையிட்டு வைப்பதும் நவம்பர், டிசம்பரில் நடப்பவை. புகையிட்ட மீனையும் நாட்பட்ட வற்றலையும் அளவோடு உண்ணுமாறு மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றனர். ஆனாலும் சில்லாய் கலான் பிறந்ததும் நகரச் சந்தைகளில் இவற்றுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது.

இந்தச் சேமிப்பு ருசிக்காகத் தோன்றியதன்று. பள்ளத்தாக்கை வெளியுலகோடு இணைத்தது ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை ஒன்றே. பனிப்பொழிவில் அது அடைபட்டால் நாட்கணக்கில் லாரி வராது. 1956-இல் பனிஹால் மலையைக் குடைந்த ஜவாஹர் சுரங்கப்பாதை வந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. 2017-இல் செனானி-நஷ்ரி சுரங்கம், 2021-இல் பனிஹால்-காசிகுண்ட் சுரங்கம், 2025 ஜூனில் செனாப் பாலத்தின் வழியே ரயில் என வழிகள் பெருகியதால் இப்போது வெளிமாநிலக் காய்கறி குளிரிலும் கிடைக்கிறது. அதனால் வற்றல் வழக்கொழிந்துவிடும் என்று எதிர்பார்த்தோரும் உண்டு. 2025 ஆகஸ்ட் இறுதியில் பெய்த மழையில் நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டு, ஆப்பிள் ஏற்றிய லாரிகள் வழியிலேயே நாட்கணக்கில் தேங்கின. அறுவடைக் காலத்திலேயே இந்தக் கதி என்றால் பனிக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விடியுமுன் சந்தை: தோட்ட விளைச்சல் விற்பனையாவதும் தண்ணீரின் மேல்தான். ஏரியின் உட்பகுதியில் அதிகாலை இருள் பிரியுமுன் படகுகள் ஒன்றுகூடுகின்றன. படகின் முன்முனையில் குந்தியமர்ந்து துடுப்பு வலித்து வருவோர் பெரும்பாலும் ஆண்கள். படகோடு படகு உரச, கீரைக் கட்டும் முள்ளங்கியும் கைமாறுகின்றன. வாங்குவோர் நகரத்துச் சந்தைக்கு எடுத்துச் செல்லும் வியாபாரிகள். தோட்டக்காரர்கள் தங்களுக்குள் பண்டமாற்றுச் செய்துகொள்வதும் உண்டு. சூரியன் நன்றாக மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்து, படகுகள் கலைந்துவிடும்.

சந்தை என்பது விலை பேச மட்டும் கூடும் இடமன்று. யார் வீட்டில் நோய், எந்த வாய்க்கால் பாசி அடைத்துக் கிடக்கிறது, எந்தக் குடியிருப்புக்கு அதிகாரிகள் வந்து போயினர் என்ற செய்திகள் பரவுவதும் இங்கேதான்.

நவம்பரில் சந்தைக்கு வரும் முக்கியப் பொருள் "நாத்ரு' எனும் தாமரைத் தண்டு. கோடையில் பயணிகள் படமெடுத்த தாமரைகளின் அடியில் இருப்பது. நீண்ட கழியின் முனையில் உள்ள கொக்கியால் சேற்றைத் துழாவி, உடையாமல் மேலே இழுக்க வேண்டும். விரல் விறைக்கும் குளிர் நீரில் மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. 2014 செப்டம்பர் பெருவெள்ளத்தில் வண்டல் படிந்து தாமரைக் கொடிகள் அழிந்தன. அதன் பின் பல பருவங்களுக்கு நாத்ரு விளையவில்லை. அதை நம்பியிருந்தவர்கள் கூலி வேலைக்குச் சென்றனர். கொடி மீண்டும் தழைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஏரியா, மக்களா?: தோட்டங்களால் ஏரி சுருங்குகிறது என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. மிதக்கும் ராத்தின் மேல் ஆண்டுதோறும் பாசியும் சேறும் ஏறினால் அது கனத்து அடியில் ஊன்றி டெம்ப் ஆகும். டெம்ப் மேலும் உயர்ந்தால் வீட்டு மனையாகும். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் திறந்த நீர்ப்பரப்பு குறைந்து வந்துள்ளதை ஏரிவாசிகளே மறுப்பதில்லை. வீட்டுக் கழிவுகள் நேராக வாய்க்காலில் கலப்பதும் உண்மை.

இதன் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. ஏரியைச் சுற்றி வளர்ந்த நகரத்தின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே ஏரியில் இறங்குகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டும் முழுக் கழிவும் அவற்றுக்குள் செல்வதில்லை. மலைச் சரிவில் மரங்கள் குறைந்ததால் தேல்பல் ஓடை வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நகரத்தின் சாக்கடையை நிறுத்துவதைவிடத் தோட்டக்காரரை எழுப்புவது எளிது என்பதால்தான் நடவடிக்கைகள் ஏரிக்குள்ளேயே தொடங்கின என்ற ஏரிவாசிகளின் ஆதங்கத்தில் நியாயம் இல்லை என்று கூற முடியாது. தவிரவும், அடைக்கும் பாசியை நாள்தோறும் கையால் அறுத்து எடுப்போர் அவர்களே. அந்தப் பணிக்கு அரசு இயந்திரங்களையும் இறக்கிவிட்டுள்ளது.

ஏரிப் பாதுகாப்புக்கென 1997-இல் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் 2005-இல் சுமார் 298 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. 2002-இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை ஏற்ற உயர் நீதிமன்றம், ஏரியின் நிலையைத் தொடர்ந்து கண்காணித்து வந்தது. கரையிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அனுமதியின்றி ஏரிக்குள் கட்டுமானப் பொருள் கொண்டு செல்வதும் தடுக்கப்பட்டது.

ஹருத் காலத்தில் இந்தத் தடை வீட்டுக்கு வீடு உணரப்படுகிறது. பனி கனமானது. ஓர் இரவு முழுதும் பெய்தால் துருப்பிடித்த தகரமும் உளுத்த உத்தரமும் தாங்குவதில்லை. படகின் மேல் விழுந்த பனியை விடிந்ததும் வாரிக் கொட்டாவிட்டால் படகே மூழ்குவதும் உண்டு. எனவே நவம்பருக்குள் தகரம் மாற்ற வேண்டும். அதற்கு மனு, ஆய்வு, அனுமதி என்ற வரிசையில் நிற்க வேண்டும். பனி அந்த வரிசைக்காகக் காத்திருப்பதில்லை. செப்பனிட அனுமதி கேட்டுக் காத்திருப்போருக்கும், செப்பனிடுகிறேன் என்று சொல்லி மாடி கட்டுவோருக்கும் வேறுபாடு காண்பது அதிகாரிகளுக்கும் சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்தின் சுமை விழுவது முதல் வகையினரின் கூரை மேல்.

மனை கிடைத்தது, தோட்டம்?: ஏரியை விட்டு வெளியேறுவோருக்கு இழப்பீடும், நகரின் மேற்கே பெமினா பகுதியின் ராக்-இ-ஆர்த் உள்ளிட்ட இடங்களில் வீட்டு மனையும் வழங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ராக்-இ-ஆர்த் தாழ்வான, நீர் தேங்கும் பகுதி. 2014 வெள்ளம் அதையும் விடவில்லை. தண்ணீரில் வாழ்ந்தவர்களைத் தண்ணீர் தேங்கும் இடத்துக்கே அனுப்பி, ஆனால் பயிரிட நீரில்லாமல் வைத்தது போலாயிற்று.

மனை கிடைத்தவர்களுக்குத் தோட்டம் கிடைக்கவில்லை. டெம்ப்பும் ராத்தும் பயிரிட்டுப் பழகிய கைகளுக்கு நகர்ப்புற மனையில் வேலையில்லை. குடிபெயர்ந்த பின்னரும் அன்றாடம் ஏரிக்கு வந்து பழைய பாத்தியில் கீரை பறித்துச் செல்வோர் இருக்கின்றனர். வற்றல் போடக் கூடியமர்ந்த பக்கத்து வீட்டார் நகரின் வேறு மூலையில் மனை பெற்றிருப்பர். இழப்பீட்டுப் பட்டியலில் சுவர், கூரை, மரம் ஆகியவற்றுக்கு மதிப்புப் போட முடிந்தது. இதற்குப் போட வழியில்லை.

குடியமர்த்தும் பணி பல ஆண்டுகளாகியும் முடியாத நிலையில், அரசின் அணுகுமுறை அண்மை ஆண்டுகளில் மாறத் தொடங்கியுள்ளது. மக்களை அங்கேயே இருக்கவிட்டு, குடியிருப்புகளுக்குக் கழிவுநீர் வசதி செய்து ஏரியைப் பேணும் யோசனை முன்வைக்கப்பட்டுள்ளது. கச்ரி மொகல்லா எனும் குடியிருப்பு அதற்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தனை ஆண்டு அலைக்கழிப்புக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு இது.

தோட்டங்களின் நிலை மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. டெம்ப்களில் பல, வருவாய்ப் பதிவேடுகளில் தனியார் நிலமாகவே உள்ளன. இடம் விட்டு இடம் நகரும் ராத்துக்குப் புல எண் இருக்க வழியில்லை. நீர்ப்பரப்பை மீட்கும் பணியில் முதலில் அகற்றப்படுபவை அவையே. புதிய ராத் கட்டுவோர் குறைந்து வருகின்றனர். கோரைப் பாயைப் பிணைக்கும் முறை தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டனர். அவர்களின் பிள்ளைகள் பலர் ஷிகாரா ஓட்டவும் நகரத்துக் கடைகளில் வேலை பார்க்கவும் சென்றுவிட்டனர்.

2024 டிசம்பரில் ஸ்ரீநகரின் இரவு வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரிக்கு இறங்கியது. அரை நூற்றாண்டில் டிசம்பர் மாதத்தில் காணாத குளிர் அது. அத்தகைய நாட்களில் ஏரியின் ஓரங்களும் உள்வாய்க்கால்களும் உறைந்துவிடும். துடுப்பால் பனிக்கட்டியை உடைத்து வழி செய்துகொண்டுதான் படகு நகர வேண்டும். முதல் படகு உடைத்த பாதையில் மற்றவை வரிசையாகச் செல்லும். சந்தை தாமதமாகக் கூடும். சில நாட்கள் கூடாமலும் போகும். ராத் இருந்த இடத்திலேயே இறுகி நிற்பதால் அப்போது மட்டும் திருட்டுப் பயம் இல்லை.

பனி உருகிய பின் மார்ச் மாதத்தில் ராத்களின் மேல் புதிய பாசியும் சேறும் ஏற்றும் வேலை தொடங்கும். அதற்காக, கொடியிலேயே முற்றவிட்ட சுரைக்காய், பூசணிக்காய்களின் விதைகள் வற்றலுக்குப் பக்கத்திலேயே உலர்த்தப்பட்டு, துணியில் முடிந்து வைக்கப்படுகின்றன.